பதினோரு நொடி

கரகண்டாவில் ஜனவரி.
இரவு ஒன்பது நாற்பதுக்கு மின்சாரம் போனது.
மூன்றாம் மாடியில் ஐந்து துறைக்கும் சேர்த்து
ஒரே கெட்டில்.
கொதிக்கப் போகிற நேரத்தில் அது அடங்கியது.

பிறகுதான் தெரிந்தது,
இத்தனை நாளும் ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்று.
சல்தனாத்தின் குளிர்பெட்டி.
மைனஸ் எண்பது டிகிரி.
உள்ளே அவளுடைய ஆறு வருடம்:
புல்வெளி வண்டொன்றின் ரத்தத்தை
உறையவிடாமல் காக்கும் புரதம்.
வண்டு பனிக்கடியில் கிடந்துவிட்டு
ஏப்ரலில் எழுந்து நடக்கும்.
அதிலிருந்து பிரித்தெடுத்தது
இந்த ஒரு ராத்திரி தாங்குமா என்று
அவளுக்கே தெரியாது.

"வெளியே வைத்தால் என்ன?"
கேட்டது நான்தான். கல்வித்துறைக்காரி,
எனக்குக் குளிர் என்றால் குளிர், அவ்வளவே.
காற்றுமண்டலம் படிக்கும் யெர்மெக்
ஜன்னலில் கட்டிய வெப்பமானியைக்
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தான்.
"மைனஸ் முப்பத்தொன்று.
நாற்பத்தொன்பது டிகிரி கடன்."
பிறகு, யாரும் கேட்காமலே:
"இன்றைக்கு எல்லா வீட்டிலும் நிலக்கரி எரிப்பார்கள்.
நாளை என் வரைபடத்தில் ஒரு மலை முளைக்கும்."
வருத்தமா ஆசையா,
இருட்டில் முகம் தெரியவில்லை.

அடுத்த அறையில் லியுத்மிலா பாக்கின்
சுழல்மேசைத் தொட்டி நின்றுவிட்டது.
தண்ணீருக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.
சுற்றிக்கொண்டே இருந்தது.
அவள் ஒரு சொட்டு நீலம் விட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.
விளிம்பில் முதலில் தயங்கி,
நடுவில் பிடிவாதமாய்,
ஓரங்களில் சுருள் சுருளாய் உதிர்ந்து...
மூன்று மாதமாய் அவள் கேட்டும் காட்டாததை
கேட்காதபோது காட்டியது.

எட்வின் ஹெர்ட் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல்
மொட்டைமாடிக்கு ஓடியிருந்தார்.
ஊரே அணைந்த வானம்.
தொலைநோக்கியின் மோட்டாரும் செத்துவிட்டதால்
வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு
புருவத்தில் உறைபனியோடு இறங்கி வந்தார்.
என்ன பார்த்தீர்கள்?
"வேலையாக எதுவும் பார்க்கவில்லை."

பத்தரை மணிக்கு சல்தனாத்
ஒரு தெர்மோகோல் பெட்டியைத் தூக்கி வந்தாள்.
அடியில் கொஞ்சம் உலர்பனி.
ஒரு தட்டுக்குக் காணும்.
தட்டுகள் நான்கு.
"எதை வைக்க?" என்றாள்,
எங்கள் எல்லோரையும் பார்த்து.

என் ஆராய்ச்சி இதுதான்:
கேள்வி கேட்ட ஆசிரியர்
தானே பதில் சொல்லிவிடும்வரை எத்தனை நொடி.
நாற்பது பள்ளிகள்.
சராசரி, ஒன்றுக்கும் குறைவு.
பிள்ளை வாய் திறக்குமுன்
பதில் கரும்பலகையில் காய்ந்துவிடும்.
இதைத் திட்டி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன்.

பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன்.
நான்காம் நொடியில் எனக்கே ஒரு பதில் வந்துவிட்டது:
நன்றாக வந்த தட்டை வை, இதிலென்ன யோசனை.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஏழில் யெர்மெக் மூக்கை உறிஞ்சினான்.
ஒன்பதில் எட்வின் ஏதோ சொல்ல வந்து
இருமலாக மாற்றிக்கொண்டார்.
பதினொன்றில் அவளே சொன்னாள்:

"மூன்றாவது.
அது தோற்றுப்போனது.
ஏன் தோற்றதென்று இன்னும் தெரியவில்லை.
ஜெயித்ததை மறுபடி செய்துவிடலாம்."

மற்ற மூன்றையும்
சைக்கிள் நிறுத்தத்தின் பின்னால் பனியில் புதைத்தோம்.
கரித்தூள் படிந்த மேல்பனியை
யெர்மெக் முதலில் ஒரு குப்பியில் சுரண்டிக்கொண்டான்.
அவன் வேலை அவனுக்கு.
கையுறை இல்லாத லியுத்மிலா
எட்வினின் ஒரு கையுறையை வாங்கிக்கொண்டாள்.
ஆளுக்கு ஒரு கை
நடுங்கியபடி மேலேறினோம்.

விடியுமுன் நாலே காலுக்கு வெளிச்சம் வந்தது.
யாரும் அணைக்காத கெட்டில்
விட்ட இடத்திலிருந்து கொதிக்கத் தொடங்கியது.
புதைத்த தட்டுகள் பிழைத்தனவா என்று
சல்தனாத் இன்னும் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

என் குறிப்பேட்டில் மட்டும் ஒரு வரி:
கேள்வி ஒன்று. காத்திருப்பு, பதினோரு நொடி.
பள்ளியின் பெயர் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
காலியாக விட்டிருக்கிறேன்.